பார்டரில் நின்ற மார்க்

மகள் மார்க்கைச் சொன்னபோது நான் லேபில் இருந்தேன். செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. சர்க்கரைக்காக வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போன ஒரு பெரியவர், நாஸ்தா முடித்து இரண்டாவது தடவை கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பைத் தேடிக்கொண்டிருந்த நேரம் போன் அடித்தது. எடுத்துத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டேன்.

"நானூத்தி எம்பத்தொம்பதும்மா."

"சரி" என்றேன்.

"வச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

பெரியவரின் கையில் ஊசி சரியாகத்தான் இறங்கியது. இத்தனை வருஷப் பழக்கத்தில் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். டியூபில் பேர் எழுதும்போதுதான் எழுத்து கோணிக்கொண்டு போனது.

எழுநூற்று இருபதுக்கு நானூற்று எண்பத்தொன்பது. போன வருஷம் இதே நீட் தேர்வில் அவள் வாங்கியது ஐந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அதற்கே அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. கலந்தாய்வின் எல்லாச் சுற்றும் முடியும்வரை காத்திருந்துவிட்டு, "இன்னொரு தடவ எழுதறேன்" என்று மறுபடி உட்கார்ந்தாள். சொந்தக்காரர் கல்யாணம், பெருநாள் என்று எதற்கும் வெளியே வராமல் ஒரு வருஷம் படித்தாள். படித்து, நூறு மார்க்குக்கு மேல் கீழே போயிருக்கிறாள்.

ரிப்போர்ட்டுகளில் கையெழுத்துப் போட வரும் டாக்டரம்மாவுக்கு அன்று ரிசல்ட் என்று தெரியும். "பொண்ணு எவ்வளவு?" என்றார். சொன்னேன். பேனா அப்படியே நின்றது.

"போன தடவையே அறுநூறு கிட்ட இல்ல? இது கஷ்டம்மா. அவ மனசு உடையாம வேற நல்ல கோர்ஸ் ஏதாவது பாருங்க."

கெட்ட எண்ணத்தில் சொன்னவர் இல்லை. என் மகள்மேல் பிரியம் உள்ளவர்தான். ஆனால் ஒரு டாக்டரின் வாயிலிருந்து வந்ததால் அது எனக்குத் தீர்ப்பு மாதிரி கேட்டது. எங்கள் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், இதிலிருந்து இதுவரை இருந்தால் சரி என்று அச்சடித்திருக்கும். அதைப் பார்த்துத்தான் ஜனங்கள் நிம்மதியாகவோ பயந்தோ போவார்கள். மகளுடைய எண்ணுக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் இல்லை. போன வருஷத்து எண் ஒன்றுதான் இருந்தது. டாக்டரம்மா அதை வைத்து அளந்தார். நானும் அதை வைத்தே அளந்தேன்.

திரும்ப அவளுக்கு போன் போட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

ரிசல்ட் வரும் வாரத்தில் எங்கள் வீட்டில் டிவி போடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதோ ஓர் ஊரில் ஏதோ ஒரு வீட்டு வாசலில் மைக்கோடு நிற்பார்கள். பள்ளிக்கூட உடுப்பில் எடுத்த ஒரு போட்டோவைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். பெற்றவள் தரையில் கிடப்பாள். அந்தப் பிள்ளை எவ்வளவு மார்க் வாங்கியது என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள். எனக்கு அது தெரிய வேண்டும் போலிருக்கும். என் மகள் அதைவிட மேலேயா கீழேயா என்று மனசு பாழாய்ப்போன கணக்கைப் போடும். இந்த வருஷம் ரிசல்ட்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால் அவள் படுக்கும் அறையின் உள்தாழ்ப்பாளைத் திருப்புளியால் கழற்றிவிட்டேன். குளியலறையிலும் கழற்றினேன். கேட்டதற்கு, துருப்பிடித்துவிட்டது, புதுசு வாங்கிப் போடணும் என்றேன். அவள் அந்தத் திருகாணி ஓட்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

லேபில் சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். கதவு வெளியே பூட்டியிருந்தது. சாவி பக்கத்து வீட்டில் இருந்தது.

"பை மாட்டிக்கினு கெளம்பிச்சுக்கா" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "எங்கம்மா போறேன்னு கேட்டேன். மகாபலிபுரம்னு சொல்லிச்சு. மூஞ்சே சரியில்ல."

வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கட்டில்மேல் துப்பட்டா கிடந்தது. மேஜையில் பாதி குடித்த டீ ஆடை படிந்து இருந்தது. ஏதாவது எழுதி வைத்திருக்கிறாளா என்று தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று எனக்குப் புரியவில்லை. மாமல்லபுரம் என்றால் மற்றவர்களுக்குக் கோயில், சிற்பம், லீவு நாள். எனக்கு அந்த நேரத்தில் அது வெறும் கடல்.

என் கணவருக்கு மார்க்கெட் பக்கம் பிளாஸ்டிக் சாமான் கடை. போன் செய்ததும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியில் வந்தார். அவரிடம் மார்க்கைச் சொன்னேன்.

"கொறஞ்சா கீது?"

"நூறுக்கு மேல."

அவர் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு வாரைப் போட மறந்து வண்டியை எடுத்தார். பின்னால் உட்கார்ந்து நான்தான் எட்டிப் போட்டுவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நான் உதட்டுக்குள் ஓதிக்கொண்டே வந்தேன். பாதியில் வார்த்தை மறந்துபோகும், முதலிலிருந்து தொடங்குவேன். எதிரில் வந்த ஒவ்வொரு பஸ்ஸின் ஜன்னலிலும் அவள் முகத்தைத் தேடினேன். சிற்பக் கூடத்துக்குக் கல் ஏற்றிக்கொண்டு போன லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. முந்த வழியில்லை. அந்தக் கறுப்புக் கல்லைப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் மகளுடைய தோழியின் ஞாபகம் வந்தது. தாம்பரத்தில் என் மகளோடு கோச்சிங் படித்த பெண். அவளும் இரண்டாவது தடவையாக எழுதியவள். வீடு மாமல்லபுரத்தில், மீனவர் குப்பத்தில்.

"அந்தப் பொண்ணு வூட்டுக்குப் போயிருக்கலாம்" என்று அவர் காதருகே கத்தினேன்.

"வூடு தெரியுமா?"

"தெரியாது. கடலோரம்."

"கடலோரம்" என்று சொன்ன பிறகு எனக்கே ஏன் சொன்னோம் என்றிருந்தது.

வண்டியை நிறுத்தினதும் கால் நேராக மணலுக்குத்தான் போனது. வேலை நாள் என்றாலும் கூட்டம் இருந்தது. அலையில் நனைந்து சிரித்துக்கொண்டு நின்ற பெண்பிள்ளைகளில், தலையில் துணி போட்ட ஒவ்வொருத்தியையும் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி ஆள் இல்லாத இடத்தில் நீல நிறத் துணியோடு ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் ஓடினேன். மணலில் ஓடவும் முடியவில்லை. கிட்டப் போனால், குழந்தையை மடியில் போட்டுத் தூங்கவைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு தாய். என்னைப் பார்த்துப் பயந்து குழந்தையை அணைத்துக்கொண்டாள்.

வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டுத்தான் வழி தெரிந்தது. "டாக்டருக்குப் படிக்குதே, அந்தப் பாப்பா வூடா?" என்று ஒருவர் சந்தைக் காட்டினார். டாக்டருக்குப் படிக்கிற பாப்பா. இன்னும் சீட்டே கிடைக்காத பெண்ணை ஊர் அப்படித்தான் கூப்பிடுகிறது.

கதவு திறந்தே இருந்தது. தரையில் இரண்டு பெண்களும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். என் மகளின் தோளில் தலைசாய்த்திருந்தாள் அந்தப் பெண். கண் இரண்டும் வீங்கி மூடிப்போயிருந்தன. என் மகளுக்கு ஒன்றும் இல்லை. அவள் என்னைப் பார்த்து ஆச்சரியத்தோடு, "நீ எப்படிம்மா வந்த? டூட்டி இல்லையா?" என்றாள்.

என் கணவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"போன் ஏன் ஆஃப் பண்ண?" என்றேன்.

"ஆஃப் பண்ணலம்மா. சார்ஜ் போச்சு. இவ போன்ல அழுதுகினே இருந்தா. வூட்ல யாரும் இல்லன்னு சொன்னா. இவங்க அப்பா கடலுக்குப் போயிருக்காரு, அம்மா மீன் விக்கப் போயிருக்காங்க. எனக்குப் பயமா இருந்துச்சு. அதான் பஸ் ஏறிட்டேன்."

நான் எதற்குப் பயந்து ஓடி வந்தேனோ, அதே பயத்தில்தான் அவளும் ஓடி வந்திருக்கிறாள். வேறொரு பெண்ணுக்காக.

நான் உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே தோழியின் அம்மா கூடையோடு வந்துவிட்டார். தன் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆண் ஒருவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், உள்ளே யாரோ ஒரு பெண்பிள்ளை, யாரோ ஒரு பொம்பளை. கூடை கையிலிருந்து நழுவியது.

"யாரு நீங்க? இன்னா ஆச்சு? என் பொண்ணு எங்க?"

"இங்கதாம்மா கீறேன்" என்று அவள் எழுந்து நின்றாள். அந்த அம்மா அவளுடைய கையை, தோளை, கன்னத்தை எல்லாம் தொட்டுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். நான் எதற்கு வந்தேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மார்க்கைவிட ரேங்க்தான் முக்கியம் என்பது அந்த வீட்டில்தான் எனக்கு விளங்கியது. என் மகள் தோழியின் போனில் தன் மார்க் ஷீட்டைத் திறந்து காட்டினாள். "மார்க்க விடும்மா. கீழ பாரு. அகில இந்திய ரேங்க். போன வருஷத்துக்குப் பாதிக்குப் பாதி முன்னால வந்திருக்கேன்."

"நூறு மார்க் கொறஞ்சிருக்கே?" என்றார் என் கணவர்.

பதில் சொன்னது தோழி. அழுது அடைத்த குரலில், வாத்தியார் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "எல்லாருக்கும் கொறஞ்சிடுச்சு அங்கிள். பிசிக்ஸ் அப்படி இருந்துச்சு. போன வருஷம் அறுநூறுக்கு மேல பெரிய கூட்டமே இருந்துச்சு. இந்த வருஷம் அந்த எடத்துல ஆளே இல்ல. போன வருஷ கட் ஆஃப வச்சு இத பாக்கவே கூடாது."

"அப்போ சீட்டு கெடைக்குமா?"

"அது ஸ்டேட் லிஸ்ட் வந்தாதான் தெரியும். இவளுக்கு பார்டர்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "எனக்கு பார்டர்கூட இல்ல."

அவளுடைய மார்க் என் மகளுடையதைவிட நாற்பது, ஐம்பது குறைவு. அவர்களுடைய இடஒதுக்கீட்டுப் பட்டியலும் வேறு. அவளுடைய அம்மா ஒன்றும் புரியாமல் எங்கள் வாய்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சாப்புட்டு போங்க, கொழம்பு கீது" என்றார். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம்.

கணவர் வண்டியில் போக, நானும் மகளும் பஸ்ஸில் திரும்பினோம். ஊர் எல்லை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தவள் திரும்பாமலே சொன்னாள்:

"தாழ்ப்பாள திரும்பப் போட்டுரும்மா."

"ம்."

"நான் அப்படி எதுவும் பண்ண மாட்டேன். ஆனா நீ அப்படி நெனைக்கிறது தெரிஞ்சதும் எனக்கே என்னப் பாத்து பயமாயிடுச்சு. ராத்திரில அந்த ஓட்டையவே பாத்துகினு படுத்திருப்பேன்."

மறுநாள் நானே திருகிப் பொருத்தினேன்.

அதற்கப்புறம் வந்தது பார்டர் என்ற வார்த்தையின் காலம். கோச்சிங் சென்டர் சார் போனில், "சேஃப்னு சொல்ல முடியாது. கிடைக்காதுன்னும் சொல்ல முடியாது. பார்டர்" என்றார். யூடியூபில் ஒருவர் இந்த மார்க்குக்கு உறுதி என்றார். அடுத்தவர் வாய்ப்பே இல்லை என்றார். இரண்டு பேருமே பச்சை, சிவப்பு என்று கட்டம் போட்டுக் காட்டினார்கள். கடையில் என் கணவர் பக்கெட்டை எடுத்துக் கொடுத்துக்கொண்டே அவர்களைப் பார்ப்பார். உறுதி என்பவரின் வீடியோவை எனக்கு அனுப்புவார், மற்றதை அனுப்ப மாட்டார். ஆனால் அதையும் அவர் பார்த்திருக்கிறார் என்பது சாப்பிட உட்காரும்போது தெரிந்துவிடும். தட்டில் சோற்றைப் பிசைந்தபடியே இருப்பார்.

எங்கள் நம்பர் எப்படிக் கிடைத்ததோ, யார் யாரோ கூப்பிட்டார்கள். "உங்க பொண்ணு மார்க்குக்கு கவர்மெண்ட் சீட் வராது மேடம், நாங்க வெளி மாநிலத்துல பண்ணித் தரோம்" என்று ஒரு பெண் தேன் மாதிரிப் பேசினாள். என் மகளின் மார்க்கை அவள் சரியாகச் சொன்னாள். நான் போனை வைத்த பிறகும் அது என்னைவிட்டுப் போகவில்லை. எவளோ ஒருத்திக்கு என் பிள்ளையின் மார்க் தெரிந்திருக்கிறது. கிடைக்காது என்றும் அவளுக்குத் தெரிந்திருக்குமோ?

இவர்கள் எல்லோருக்கும் நடுவில் மகள் அமைதியாக இருந்தாள். அந்த அமைதியை நான் நம்பவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுக் கொடுத்துவிட்டேனே தவிர, அவள் உள்ளே போட்டுக்கொண்டால் நான் வெளியே ஏதாவது வேலை இருப்பதுபோல அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருப்பேன். உள்ளே பக்கெட்டில் தண்ணீர் விழும் சத்தம் நின்றால் என் மூச்சும் நிற்கும்.

மாநிலப் பட்டியல் வந்தது. மொத்த ரேங்க் ஒன்று, எங்கள் முஸ்லிம் ஒதுக்கீட்டில் ரேங்க் ஒன்று என்று இரண்டு எண். இனிமேலாவது தெளிவாகத் தெரியும் என்று நினைத்தேன். போன வருஷம் எங்கள் ஒதுக்கீட்டில் கடைசியாக இடம் கிடைத்தவரின் ரேங்க்கைத் தேடி எடுத்து மகள் தன் ரேங்க்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அதைவிடச் சில இடங்கள் தள்ளி இருந்தாள். நிறைய இல்லை. எங்கள் தெருவில் ஒரு பக்கத்து வீடுகளை எண்ணினால் வருகிற அளவு.

"முன்னால கீறவங்க எல்லாருமா இங்க சேருவாங்க?" என்றார் என் கணவர்.

"எல்லாரும் சேர மாட்டாங்க, அத்தா. சில பேருக்கு ஆல் இந்தியா கோட்டால கெடைக்கும், அங்க போயிடுவாங்க. சில பேரு வேற காலேஜ் பாப்பாங்க. அவங்க போனா எனக்கு வரும்."

அன்றிலிருந்து என் தொழுகை கெட்டுப்போனது. கையேந்தினால் வார்த்தை வரவில்லை. என்ன கேட்பது? முன்னால் இருக்கும் பிள்ளைகள் வேறெங்காவது போய்விட வேண்டும் என்றா? அவர்களும் எங்களைப் போன்ற வீட்டுப் பிள்ளைகள்தானே. ஆம்பூரிலோ கீழக்கரையிலோ ஒரு தாய் என் மகள் விலகிப் போகட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தால்? அவளுடைய துஆ பலித்துவிட்டால்? இப்படி நினைத்து நினைத்து, கடைசியில் எதுவும் கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவேன்.

முதல் சுற்றில் வரவில்லை. எங்கள் ஒதுக்கீட்டில் அவளுக்கு மூன்று இடம் முன்னால் நின்றுபோனது.

அன்று அவள் அழுதாள். ரிசல்ட் அன்று அழாதவள், நான் லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே வாசலில் நின்று அழுதாள். "போதும்மா. உன்ன மாதிரி லேப் டெக்னீஷியன் கோர்ஸ்ல சேத்துவிட்டுரு. இங்கயே உன் கூடவே வேலை பாக்குறேன். மூணாவது தடவ என்னால முடியாது."

என் வேலையை நான் குறைவாக நினைத்ததில்லை. ஆனால் அதை அவள் ஒரு பள்ளம் மாதிரிச் சொன்னது என்னைக் குத்தியது. அதைவிட, அவள் அழுகிறாள் என்பதில் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அழுகிற பிள்ளையைக் கட்டிக்கொள்ளலாம். அமைதியாக இருப்பவளை என்ன செய்வது என்றுதான் இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. "மூணு பேருதானே" என்றார். "மூணு பேரு நகர மாட்டாங்களா? இன்னொரு ரவுண்டு பாத்துட்டுப் பேஜார் படுவோம்."

இரண்டாவது சுற்று வருவதற்குள் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. லேபிலேயே பார்த்தார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர் பேனாவையே நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருக்க வேண்டும். "ரிசல்ட் அன்னிக்கு நான் சொன்னத மனசுல வச்சிக்காதீங்க. எனக்கு இந்த வருஷக் கணக்கு தெரியல" என்றார். பரவாயில்லை என்றேன். யாருக்குத்தான் தெரிந்தது?

இரண்டாவது சுற்றில் கிடைத்தது. தெற்கே, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஊரில் அரசு மருத்துவக் கல்லூரி. திரையில் கல்லூரியின் பேர் வந்தபோது மகள் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. போனை என்னிடம் நீட்டி, "நீ படிம்மா. எனக்குத் தப்பா தெரியுதான்னு பாரு" என்றாள். நான் படித்தேன். என் கணவர் படித்தார். திரும்ப அவள் படித்தாள். அப்புறமும் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து சேர்க்கை அட்டை கைக்கு வரும்வரை யாருக்கும் சொல்லவில்லை. யாராவது தவறு நடந்துவிட்டது என்று கூப்பிடுவார்கள் என்று பயந்து, போன் அடிக்கும்போதெல்லாம் நம்பரை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

முதலில் அவள் சொன்னது தோழிக்குத்தான். அந்தப் பக்கம் சந்தோஷக் கூச்சல் எனக்கே கேட்டது. என் மகள் சிரிக்கவில்லை. "உனக்கு?" என்றாள். அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.

மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம் நான் மாமல்லபுரம் போனேன். வெறும் கையோடு போகக் கூடாது என்று கடையில் இனிப்பு வாங்கி, அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று பஸ்ஸிலேயே தடுமாறி, கடைசியில் பழம் வாங்கிக்கொண்டு போனேன். இனிப்பைப் பையிலேயே வைத்துவிட்டேன். தோழியின் அம்மா என்னை உட்காரவைத்துத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"மறுபடி எழுதறேன்னு நிக்குது. நர்ஸுக்கு எடம் கெடைக்கும்னு சொல்றாங்க, வேணாம்னுது. நீங்க சொன்னா கேக்கும். எழுதட்டுமா, வேணாவா?"

உள்ளே அந்தப் பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவும் சத்தம் நின்றிருந்தது. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவளும் காத்திருந்தாள். இரண்டு வருஷத்து மார்க்கும் ரேங்க்கும் எனக்கு மனப்பாடம். அடுத்த வருஷம் கேள்வித்தாள் எப்படி இருக்கும், எத்தனை பேர் எழுதுவார்கள், எவ்வளவு மார்க் வாங்கினால் போதும் என்று யாரால் சொல்ல முடியும்? எழுது என்று சொல்லி அடுத்த ஜூனில் அந்த அம்மா கூடையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தால்? வேண்டாம் என்று சொல்லி, ஒரு வருஷத்தில் வாங்கியிருக்கக்கூடிய இடத்தை நான் தட்டிவிட்டால்?

"எனக்குத் தெரியலம்மா" என்றேன். "அவளையே கேளுங்க. ஆனா எழுதினா, எழுதற அன்னிக்கும் ரிசல்ட் அன்னிக்கும் நான் உங்ககூட இருக்கேன்."

அவள் எழுதத்தான் செய்தாள். போன மாசம், திருப்போரூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சென்டர். சொன்னபடி போனேன். காலையிலேயே வாசலில் வரிசை நின்றுவிட்டது. கம்மலைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள், தலை கிளிப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். உள்ளே போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட் சாத்தின பிறகு ஓடிவந்த ஒரு பையனை உள்ளே விடவில்லை. அவனுடைய அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியதை வெயிலில் நின்ற நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

தோழியின் அம்மா முருகன் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்தார். நான் சாலையோரப் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். தெற்கிலிருந்து என் மகள் போன் செய்துகொண்டே இருந்தாள். "வந்துட்டாளா? வந்ததும் பேப்பர் எப்படின்னு கேக்காதம்மா. தண்ணி கொடு." உள்ளே எழுதிக்கொண்டிருந்தது அவள் இல்லை, இருந்தாலும் அவளுடைய குரல் போன வருஷத்துக் குரலாக இருந்தது.

சாயங்காலம் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள். சிலர் அம்மாவைப் பார்த்ததும் உடைந்தார்கள். அவள் கூந்தல் அவிழ்ந்து முகமெல்லாம் வியர்வையாக வந்தாள். அவளுடைய அம்மா எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். முழுசும் குடித்தாள்.

"எழுதிட்டேன் ஆன்ட்டி" என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அம்மாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அவள் தலைக்கு மேலாக அந்த அம்மா என்னைப் பார்த்து, சத்தம் வராமல், உதட்டை மட்டும் அசைத்து, "கெடைக்குமா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்ட மனசு வரவில்லை. கிடைக்கும் என்று ஆட்டப் பயமாக இருந்தது. பிள்ளையின் முகத்தில் மேற்கு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. எட்டி ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

ரிசல்ட் இன்னும் வரவில்லை.